ஆஸ்ட்ரசைஸ்: ஓட்டாஞ்சில்லுல இருந்து வந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தையை வேர் வரைக்கும் தோண்டிப் பாக்குறது எப்படி, முழு வழிகாட்டி

இங்கிலீஷ் நியூஸ் படிக்கிறவங்க கண்ணுல ஆஸ்ட்ரசைஸ்ங்கிற வார்த்தை எப்பவாவது பட்டிருக்கும். ஆபீஸ்ல நடந்த ஊழலை வெளிய சொன்னவரை மத்த ஸ்டாஃப் எல்லாம் ஆஸ்ட்ரசைஸ் பண்ணிட்டாங்க, வேற ஜாதியில கல்யாணம் பண்ணிக்கிட்ட குடும்பத்தை ஊரே ஆஸ்ட்ரசைஸ் பண்ணிடுச்சு, இந்த மாதிரி இடத்துல வரும். டிக்‌ஷனரியைத் தொறந்தா "ஒதுக்கி வை, விலக்கி வை"ன்னு ரெண்டே வார்த்தையில முடிச்சிருப்பாங்க. அது தப்புன்னு சொல்ல வரல. ஆனா அந்த ரெண்டு வார்த்தைக்குப் பின்னாடி உடைஞ்ச பானை, சந்தைத்திடல், ஆறாயிரம் பேரு, பத்து வருஷக் கெடுன்னு பழைய கிரேக்க நகரம் ஏதென்ஸோட ஒரு முழு சட்டமே ஒளிஞ்சிருக்கு, அதுவும் இன்னைக்கு நாம இந்த வார்த்தையை எதுக்குப் பயன்படுத்துறோமோ அதுக்குக் கிட்டத்தட்ட தலைகீழான ஒரு சட்டம்.

கிரேக்கத்துல இருந்து வந்த எந்த இங்கிலீஷ் வார்த்தையையும் இதே வழியில பிரிச்சுப் பாக்கலாம். இந்த ஒண்ணை எடுத்து கடைசி வரைக்கும் செஞ்சு காட்டுறேன். கிரேக்கம் தெரிஞ்சிருக்கணும்னு அவசியம் இல்ல, நல்ல டிக்‌ஷனரி ஒண்ணு, கொஞ்சம் பொறுமை, ஒரே மாதிரி கேக்குதேன்னு அவசரப்பட்டு முடிவு கட்டாத புத்தி, இது போதும்.

ஸ்டெப் 1: இன்னைக்கு என்ன அர்த்தம்னு முதல்ல எழுதி வைங்க

பல பேரு நேரா வேருக்குத் தாவிடுவாங்க, அதனாலதான் பாதியில தொலைஞ்சு போறாங்க. முதல்ல இப்ப இருக்கிற அர்த்தத்தை உடைச்சுப் போடணும். எழுத்து: ஓ, எஸ், டி, ஆர், ஏ, சி, ஐ, இசட், ஈ. பிரிட்டிஷ்காரங்க சிலர் இசட்டுக்குப் பதிலா எஸ் போடுவாங்க. வினைச்சொல் ஆஸ்ட்ரசைஸ், பெயர்ச்சொல் ஆஸ்ட்ரசிசம்.

இப்ப அர்த்தத்துக்குள்ள என்னென்ன இருக்குன்னு பாருங்க. ஒரு கூட்டம் ஒரு ஆளை ஒதுக்குது. பெரும்பாலும் வாயால சொல்லாமலே நடக்கும், பேச்சு நின்னு போகும், கூப்பிட மாட்டாங்க, பக்கத்துல உக்கார மாட்டாங்க. யாரு முடிவெடுத்தாங்கன்னு தெரியாது. எப்ப முடியும்னும் தெரியாது. ஒதுக்கப்படுற ஆளு பெரும்பாலும் அந்தக் கூட்டத்துல பலம் கம்மியான ஆளு, கூடவே அவமானமும் ஒட்டிக்கும். இதை ஒரு ஓரமா எழுதி வைங்க, பின்னாடி ஒவ்வொண்ணா இடிக்கப் போகுது.

ஸ்டெப் 2: வாலை வெட்டுங்க

கிரேக்க வார்த்தைகளோட வால் பகுதி பெரும்பாலும் ஒரு சில மாதிரியிலயே இருக்கும், அதை முதல்ல கழட்டிடணும். ஐஸ்னு முடியுதுல்ல, அது கிரேக்கத்துல இஸெய்ன்னு இருந்த வினை விகுதி. அது லத்தீனுக்குப் போய் இஸாரே ஆச்சு, பிரெஞ்சுல இஸே ஆச்சு, இங்கிலீஷ்ல ஐஸ் ஆச்சு. கிரிட்டிசைஸ், பாப்டைஸ்னு முடியுறதுல எல்லாம் இருக்கிறது இதே வால்தான். பெயர்ச்சொல் விகுதி இஸ்மாஸ், அதுதான் நம்ம ஊரு மேடைப் பேச்சுல கம்யூனிசம், கேப்பிடலிசம்னு வர்ற இசம்.

அப்ப கிரேக்கத்துல முழு வார்த்தை ஆஸ்ட்ரகிஸெய்ன், பெயர்ச்சொல்லா சொன்னா ஆஸ்ட்ரகிஸ்மாஸ். வாலை வெட்டினா மிஞ்சுறது ஆஸ்ட்ரக். அதுதான் நமக்கு வேணும்.

ஸ்டெப் 3: க எங்க போச்சுன்னு கேளுங்க

கிரேக்கத்துல "க" சத்தம், இங்கிலீஷ்ல "ச" சத்தம், ஏன்? லத்தீன் எழுத்துல கிரேக்கத்தோட க வந்தா சி எழுத்தைப் போட்டுடுவாங்க. அந்த சி எழுத்துக்குப் பின்னாடி இ, எ மாதிரி உயிர் வந்தா பிரெஞ்சுலயும் இங்கிலீஷ்லயும் காலப்போக்குல ச ஆயிடுச்சு. கிகெரோங்கிற ரோமானியர் சிசரோ ஆனதும் இதே வழிதான். பின்னாடி அ, ஒ வந்தா க அப்படியே நிக்கும். அதனாலதான் எழுத்து இருக்கிற பானைச் சில்லை ஆராய்ச்சிக்காரங்க இங்கிலீஷ்ல ஆஸ்ட்ரகான்னு சொல்றாங்க, ஒதுக்கி வைக்கிறதை ஆஸ்ட்ரசைஸ்னு சொல்றாங்க, ரெண்டும் ஒரே வேர்.

இந்த க, ச விஷயம் தெரிஞ்சா பாதி கிரேக்க வார்த்தைகளோட முகமூடி கழண்டுடும்.

ஸ்டெப் 4: வேருக்கு ஒரு பொருளைக் கண்டுபிடிங்க

இதுதான் முக்கியமான ஸ்டெப். வேர்ச்சொல்லுக்கு அர்த்தம் தேடாதீங்க, கையில எடுத்துப் பாக்குற ஒரு பொருளைத் தேடுங்க. ஆஸ்ட்ரகான்னா என்ன பொருள்? கிரேக்க அகராதியில ஆமை முதுகு, நத்தை மேல இருக்கிறது, சிப்பி மூடி, முட்டைக்கு வெளிய இருக்கிறது, சுட்ட மண்பாத்திரம், உடைஞ்ச பானைத் துண்டுன்னு வரிசையா போட்டிருக்கும். இங்கிலீஷ்காரங்க இதைப் படிச்சா ஒரு வார்த்தைக்கு ஏன் இத்தனை அர்த்தம்னு தலையைச் சொறிவாங்க. தமிழ் ஆளுக்கு அந்தக் கஷ்டமே இல்ல. ஆமை ஓடு, நத்தை ஓடு, சிப்பி ஓடு, முட்டை ஓடு, கூரை ஓடு, பானை ஓடு. ஓடு, அவ்வளவுதான். மேல கெட்டியா, லேசா வளைஞ்சு, உள்ள இருக்கிறதைக் காப்பாத்துறது எதுவோ அது ஓடு, உடைஞ்சு கீழ விழுந்த துண்டும் ஓடு, பசங்க பாண்டி ஆட எடுக்கிறது ஓட்டாஞ்சில்லு.

ஏதென்ஸ் பசங்களும் ஓட்டாஞ்சில்லு வெச்சு விளையாடினாங்க, ஆஸ்ட்ரகிண்டான்னு பேரு. சில்லோட ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் வெள்ளை, தூக்கிப் போட்டு ராத்திரியா பகலான்னு பாத்து ஒரு அணி ஓட இன்னொரு அணி துரத்தணும். பிளாட்டோ இந்தச் சில்லு திரும்புறதை ஒரு பெரிய தத்துவப் பேச்சுக்கு நடுவுல போறபோக்குல சொல்லிட்டுப் போவாரு.

லத்தீன்லயும் இதே கதை இருக்கு. டெஸ்டான்னா மண்பாத்திரம், ஓடு, சில்லு. ரோமானியர்கள் பேச்சு வழக்குல தலையை டெஸ்டான்னு கிண்டலா சொல்ல ஆரம்பிச்சு, அதுவே பிரெஞ்சுல தேத்ங்கிற சாதாரண வார்த்தை ஆயிடுச்சு, தலைன்னு அர்த்தம். நாம மண்டை ஓடுன்னு சொல்றோம், அந்த மண்டைக்கும் பழைய தமிழ்ல மண் கலம்னு ஒரு அர்த்தம் உண்டு. ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தர் வாங்கினது இல்ல, மண்டையைப் பாத்தா எல்லா ஊர்க்காரனுக்கும் பானை ஞாபகம் வந்திருக்கு.

இந்தப் பல அர்த்தத்தால ஒரு பெரிய குழப்பமும் வந்துச்சு. பழைய இங்கிலீஷ் எழுத்துல ஏதென்ஸ்காரங்க சிப்பி ஓட்டுல பேரெழுதி ஆளை வெளியேத்தினாங்கன்னு இருக்கும், இன்னும் சிலர் அதையே சொல்லிட்டுத் திரியிறாங்க. எழுதினது பானை ஓட்டுல. மண்ணுக்கடியில இருந்து ஆயிரக்கணக்குல அள்ளியாச்சு, அதுல சந்தேகத்துக்கே இடமில்ல.

ஸ்டெப் 5: சொந்தக்காரங்களைத் தேடுங்க, வேஷதாரிகளை வெளிய அனுப்புங்க

ஆஸ்ட்ரகானுக்கு ரொம்ப நெருங்கின உறவு ஆஸ்ட்ரெயான், சிப்பி. அது லத்தீன்ல ஆஸ்ட்ரெயா, பழைய பிரெஞ்சுல ஆயிஸ்ட்ர, இங்கிலீஷ்ல ஆய்ஸ்டர். ஹோட்டல் மெனுல இருக்கிற ஆய்ஸ்டரும் ஆஸ்ட்ரசைஸும் சித்தப்பா பெரியப்பா பிள்ளைங்க. அடுத்த கிளை ஆஸ்டியான், எலும்பு. எலும்பு தேயுதுன்னு டாக்டர் எழுதுற ஆஸ்டியோபோரோசிஸ், ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ் எல்லாம் அங்க இருந்து வந்தது. இதுங்க எல்லாத்துக்கும் அடியில இருக்கிற பழைய இந்தோ ஐரோப்பிய வேர்தான் சமஸ்கிருதத்துல அஸ்தி ஆச்சு. நாம அஸ்தி கரைக்கப் போறோம்னு சொல்றோமே, அந்த அஸ்தி சமஸ்கிருதத்துல இருந்து தமிழுக்கு வந்தது, எலும்புன்னு அர்த்தம். ஆக ஆஸ்டியோபோரோசிஸும் அஸ்தியும் நெஜமான ரத்த உறவு. உயிரியல் படிச்சவங்களுக்கு ஆஸ்ட்ரகோடுன்னு ஓட்டுக்குள்ள வாழுற குட்டிக் குட்டி நீர்ப்பிராணி தெரிஞ்சிருக்கும், அதுவும் இந்தக் குடும்பம்தான்.

இப்ப வேஷதாரிங்க. ஆஸ்ட்ரிச், அதாவது நெருப்புக்கோழி, எழுத்தைப் பாத்தா கூடப் பொறந்த மாதிரி இருக்கும், ஒரு சம்பந்தமும் இல்ல. லத்தீன்ல பறவைக்கு ஆவிஸ், நெருப்புக்கோழிக்கு ஸ்ட்ரூதியோ, ரெண்டும் சேந்து தேஞ்சு வந்தது அது.

நம்ம ஆளுங்களுக்குன்னே ஒரு ஸ்பெஷல் பொறி இருக்கு. ஓட்டுல எழுதி ஓட்டு போட்டு ஒருத்தனை ஓடுன்னு சொன்னாங்கன்னு தமிழ்ல ஒரே வரியில சொல்லலாம், கேக்க அப்படியே ஜிலீர்னு இருக்கும், உடனே பாத்தீங்களா கிரேக்கனுக்கே நாமதான் கத்துக் குடுத்தோம்னு ஒருத்தர் கிளம்பிடுவாரு. ஓடுங்கிற பொருள் தமிழ் வார்த்தை. ஓட்டு போடுறதுல இருக்கிற ஓட்டு, இங்கிலீஷ் வோட் நம்ம வாயில தேஞ்சது, அதுக்கு மூலம் லத்தீன்ல வேண்டுதல்னு அர்த்தம் வர்ற வோட்டும். ஓடுறது வேற வினை. மூணும் தற்செயலா ஒரே இடத்துல வந்து நிக்குதுங்க. ரசிக்கலாம், ஆதாரமா காட்டக் கூடாது.

ஸ்டெப் 6: அந்தப் பொருள் ஏன் அங்க வந்துச்சுன்னு கேளுங்க

பானைச் சில்லுக்கும் ஒருத்தரை வெளியேத்துறதுக்கும் என்ன சம்பந்தம்? விலைதான். கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸ்ல எழுதுறதுக்கு பாப்பிரஸ்ங்கிற கோரைத் தாள் எகிப்துல இருந்து கப்பல்ல வரணும், ஆயிரக்கணக்கான பேருக்கு ஆளுக்கொரு துண்டு குடுக்கிறதை நெனச்சே பாக்க முடியாது. உடைஞ்ச பானை எல்லா வீட்டுக் கொல்லையிலயும் சும்மா கிடக்கும். ஏதென்ஸ்ல குயவர்கள் இருந்த பகுதிக்கே கெராமெய்கோஸ்னு பேரு, செராமிக்ங்கிற வார்த்தை அதே குடும்பம்தான், இங்கயும் அந்த க, ச விளையாட்டைக் கவனிங்க. ஒரு சில்லை எடுத்து கூரான எதையாவது வெச்சுக் கீறினா எழுத்து நிக்கும், மழை பேஞ்சாலும் அழியாது. எகிப்துலயும் வரி ரசீது, கணக்கு, சின்னச் சின்ன கடிதம்னு ஏகப்பட்டதை சில்லுலதான் எழுதியிருக்காங்க.

ஸ்டெப் 7: அந்தக் காலத்து நடைமுறையை அப்படியே ஓட்டிப் பாருங்க

இங்கதான் வார்த்தைக்கு உயிர் வரும். நீங்க ஏதென்ஸ் குடிமகன்னு வெச்சுக்குங்க. ஆம்பளையா, சுதந்திரமான ஆளா இருக்கணும், பொம்பளைங்க, அடிமைகள், வெளியூர்ல இருந்து வந்து குடியேறினவங்க யாருக்கும் இதுல இடமில்ல, அதையும் மறக்கக் கூடாது.

வருஷத்தை அவங்க பத்து பாகமா பிரிச்சிருந்தாங்க. ஆறாவது பாகத்துல மக்கள் சபையில ஒரே ஒரு கேள்வி கேப்பாங்க: இந்த வருஷம் ஆஸ்ட்ரகிஸ்மாஸ் வேணுமா வேண்டாமா? யார் பேரையும் சொல்ல மாட்டாங்க. வேண்டாம்னா அந்த வருஷம் அதோட முடிஞ்சது. வேணும்னு கை தூக்கினா எட்டாவது பாகத்துல ஓட்டெடுப்பு. நடுவுல கிடைக்கிற இடைவெளியில ஊரே இதைத்தான் பேசியிருக்கும், யார் பேரை எழுதுறது, யாரு யாரோட சேந்துக்கிட்டான்னு.

ஓட்டெடுப்பு அன்னைக்கு அகோராங்கிற சந்தைத்திடல்ல பலகை வெச்சு அடைப்பாங்க, பத்து வாசல் விடுவாங்க, ஏதென்ஸ்ல குடிமக்களைப் பத்து குலமா பிரிச்சிருந்ததால குலத்துக்கு ஒரு வாசல். கையில இருக்கிற சில்லுல பேரு எழுதி, எழுத்து கீழ இருக்கிற மாதிரி கவுத்துப் பிடிச்சுக்கிட்டு உள்ள போகணும். வேட்பாளர் பட்டியல் கிடையாது, பேச்சு கிடையாது, குற்றச்சாட்டு கிடையாது, எதிர்வாதமும் கிடையாது. யாரை வேணா எழுதலாம்.

கணக்கு ஆறாயிரம். அது எந்த ஆறாயிரம்ங்கிறதுல பழைய எழுத்தாளர்களுக்குள்ளயே ஒத்து வரல. மொத்தமா ஆறாயிரம் சில்லு விழணும், அதுல யாரு பேரு அதிகமோ அவரு போகணும்னு பெரிய மனுஷங்க வாழ்க்கை வரலாறு எழுதின புளூட்டார்க் சொல்றாரு. ஒரே ஆளு மேல ஆறாயிரம் விழணும்னு ஏதென்ஸ் வரலாறு எழுதின ஃபிலோகோரஸ் எழுத்தைப் படிச்சா தோணுது. மொத்தம்ங்கிறதுதான் எனக்கு நடைமுறைக்கு ஒத்து வருதுன்னு படுது, ஏன்னா ஒரே ஆளு மேல அத்தனை பேரு கையைச் சேக்கிறது ரொம்பக் கஷ்டம், அப்படி இருந்தா இத்தனை பேரை அனுப்பியிருக்கவே முடியாது.

பேரு வந்தவருக்கு பத்து நாள் டைம். கணக்கு வழக்கை முடிச்சுட்டு ஊரை விட்டுக் கிளம்பணும். பத்து வருஷம் திரும்பக் கூடாது. இனிதான் கவனிக்க வேண்டிய இடம். சொத்தைப் பறிக்க மாட்டாங்க, நிலத்துல வர்ற வருமானம் அவருக்கே போகும், பொண்டாட்டி பிள்ளைங்களுக்குத் தண்டனை இல்ல, பத்து வருஷம் முடிஞ்சு வந்தா குடியுரிமை முழுசா அப்படியே இருக்கும். குற்றவாளின்னு முத்திரையே கிடையாது. ஸ்டெப் 1ல எழுதின லிஸ்டை இப்ப எடுங்க: வாயால சொல்லாமலே நடக்கும்னு எழுதினோம், இங்க ஊரறிய நடக்குது. முடிவு தெரியாதுன்னு எழுதினோம், இங்க கெடு இருக்கு. பலம் கம்மியான ஆளுன்னு எழுதினோம், இங்க ஊர்லயே பெரிய ஆளுக்குத்தான் இது. சாதாரண ஆளோட பேரை யாரு எழுதப் போறா?

ஸ்டெப் 8: யார் யாருக்கு நடந்துச்சுன்னு பாருங்க

ஏதென்ஸ்ல பெய்சிஸ்ட்ரடஸ்னு ஒருத்தர், அப்புறம் அவரு மகன்கள், தனியாள் ஆட்சி நடத்தினாங்க. மகன் ஹிப்பியாஸை கி.மு. 510ல துரத்திட்டாங்க. அவரு பாரசீகம் போய், கி.மு. 490ல பாரசீகப் படையோடயே மாரத்தானுக்கு வந்து இறங்கினாரு. இன்னொரு ஹிப்பியாஸ் வந்துடக் கூடாதுங்கிற பயம்தான் இந்தச் சட்டத்துக்கு அடிப்படை. கி.மு. 508 வாக்குல ஆட்சி முறையை மாத்தி அமைச்ச கிளெய்ஸ்தனீஸ் கொண்டு வந்ததுன்னு அரிஸ்டாட்டில் பேர்ல இருக்கிற ஏதென்ஸ் அரசியலமைப்பு நூல் சொல்லுது. அந்த நூலே தொலைஞ்சு போயிருந்துச்சு, எகிப்துல ஏதோ பண்ணைக் கணக்கு எழுதின பாப்பிரஸ் சுருளோட பின்பக்கத்துல எழுதி வெச்சிருந்தது கிடைச்சு 1891ல அச்சாச்சு.

முதல் ஆளு கி.மு. 487ல ஹிப்பார்கஸ், பழைய ஆட்சிக் குடும்பத்துக்குச் சொந்தம். அடுத்த வருஷமே மெகக்ளீஸ், இவரு யாருன்னா சட்டம் கொண்டு வந்த கிளெய்ஸ்தனீஸோட கூடப்பொறந்தவர் மகன். அப்புறம் கி.மு. 484ல சாந்திப்பஸ், பின்னாடி ஏதென்ஸையே ஆட்டிப் படைச்ச பெரிக்ளீஸோட அப்பா. கி.மு. 482ல அரிஸ்டைடீஸ்.

அரிஸ்டைடீஸ் கதையை புளூட்டார்க் சொல்ற விதம் ரொம்பப் பிரபலம். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு நாட்டுப்புறத்து ஆளு சில்லை நீட்டி, ஐயா இதுல அரிஸ்டைடீஸ்னு எழுதிக் குடுங்கன்னு அவர்கிட்டயே கேட்டானாம், ஆளு யாருன்னு தெரியாம. அவரு உனக்கு என்ன தீங்கு பண்ணினாருன்னு கேட்டா, ஒண்ணும் பண்ணல, ஆளையே எனக்குத் தெரியாது, போற இடமெல்லாம் நியாயவான் நியாயவான்னு சொல்றதைக் கேட்டுக் கேட்டு சலிச்சுப் போச்சுன்னானாம். அவரு ஒரு வார்த்தை பேசாம தன் பேரை எழுதிக் குடுத்தாராம். புளூட்டார்க் எழுதினது ஐநூறு வருஷத்துக்கு அப்புறம், அதனால நடந்ததா கட்டினதான்னு கை அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா ஓட்டு போடுற மனுஷன் மனசு எப்படி வேலை செய்யும்னு இதைவிட சுருக்கமா யாரும் சொன்னதில்ல.

கி.மு. 480ல பாரசீக மன்னன் செர்க்சஸ் படையெடுத்து வந்தப்ப அனுப்பினவங்களையெல்லாம் திரும்பக் கூப்பிட்டாங்க. அரிஸ்டைடீஸ் அடுத்த வருஷம் பிளாட்டையா போர்ல ஏதென்ஸ் படைக்குத் தலைமை, சாந்திப்பஸ் மிக்காலே போர்ல தலைமை. நம்ம ஊர்ல தள்ளி வெச்ச ஆளைக் கூப்பிட்டு படைத்தளபதி ஆக்குவாங்களா? அந்தச் சட்டத்துல அவமானம் ஒட்டலைங்கிறதுக்கு இதைவிட சாட்சி வேண்டாம். அரிஸ்டைடீஸை அனுப்பினதுல பெரிய பங்கு இருந்த தெமிஸ்டோக்ளீஸ், சாலமிஸ் கடல் போர்ல ஜெயிச்சவரு, அவரையும் கி.மு. 470 வாக்குல அனுப்பிட்டாங்க. அவரு சுத்திச் சுத்தி கடைசியில எந்தப் பாரசீகத்தைத் தோக்கடிச்சாரோ அந்த ராஜாகிட்டயே போய்ச் சேந்தாரு. கி.மு. 461ல கிமோன்ங்கிற படைத்தளபதி, கி.மு. 443ல பெரிக்ளீஸோட கட்டடச் செலவை எதிர்த்த தூசிடிடீஸ். வரலாறு எழுதின தூசிடிடீஸ் வேற ஆளு, பேரு ஒண்ணு.

கடைசி ஆளு ஹைப்பர்போலஸ், கி.மு. 417ல இருந்து 415க்குள்ள. நிகியாஸ், அல்கிபியாடீஸ்னு ரெண்டு பெரிய தலைங்க, ஒருத்தர் கண்டிப்பா போகணும்ங்கிற நிலைமை, ரெண்டு பேரும் ரகசியமா கூட்டு சேந்து தங்களோட ஆளுங்களை மூணாவது ஆளான ஹைப்பர்போலஸ் பேரை எழுத வெச்சுட்டாங்க. ஊரு முதல்ல சிரிச்சுச்சு, அப்புறம் கடுப்பாச்சு. பெரிய மனுஷனுக்குன்னு வெச்சிருந்த மரியாதையை இந்த ஆளுக்குக் குடுத்துட்டோமேன்னு ஃபீல் பண்ணினாங்கன்னு புளூட்டார்க் எழுதுறாரு. அதோட இந்தப் பழக்கம் படுத்துடுச்சு. சட்டத்தை யாரும் ரத்து பண்ணல, வருஷா வருஷம் சபையில அந்தக் கேள்வி மட்டும் ரொம்ப காலத்துக்கு இருந்துச்சு.

மிகைப்படுத்துறதுக்கு இங்கிலீஷ்ல ஹைப்பர்போலின்னு சொல்றது இவரு பேர்ல இருந்து வந்ததான்னு கேட்டா, இல்ல. மேல, எறியுறதுங்கிற ரெண்டு கிரேக்கத் துண்டுகளை வெச்சு அவரு பேரும் அமைஞ்சிருக்கு, அந்த வார்த்தையும் அமைஞ்சிருக்கு, அவ்வளவுதான்.

ஸ்டெப் 9: மண்ணு என்ன சொல்லுதுன்னு கேளுங்க

புத்தகம் சொல்றதை மட்டும் நம்பாம தோண்டினது என்ன சொல்லுதுன்னு பாருங்க. ஏதென்ஸ்ல இதுவரைக்கும் பத்தாயிரத்துக்கு மேல இந்தச் சில்லுங்க கிடைச்சிருக்கு, பெரிய குவியல் 1960கள்ல கெராமெய்கோஸ்ல ஜெர்மன் அகழாய்வுல வந்தது. அதுல மெகக்ளீஸ் பேர்ல மட்டும் நாலாயிரத்துக்கு மேல.

சில பேரு வெறும் பேரோட நிறுத்தல. கிமோனே, எல்பினிகேயைக் கூட்டிக்கிட்டு கிளம்புன்னு ஒருத்தர் கீறியிருக்காரு, எல்பினிகே அவரோட சகோதரி, ரெண்டு பேரையும் சேத்து ஊர்ல கேவலமா பேசிக்கிட்டிருந்தாங்க. கல்லியாஸ்ங்கிறவரை பாரசீகன்னு திட்டி, பாரசீக வில்லாளி மாதிரி படமே வரைஞ்சிருக்காங்க. சாந்திப்பஸ் மேல ஒருத்தர் கவிதையே எழுதிட்டாரு. எனக்கு ரொம்பப் பிடிச்சது, லிமோஸ்னு எழுதின சில்லுங்க. லிமோஸ்னா பஞ்சம், பட்டினி. ஊரை விட்டுப் போக வேண்டியது யாருன்னு கேட்டா பசிதான் போகணும்னு எழுதிப் போட்டிருக்காங்க. அந்தக் காலத்து நோட்டா.

இதுக்கு இன்னொரு முகமும் உண்டு. 1937ல ஆஸ்கார் புரோனியர்ங்கிற அகழாய்வாளர் ஏதென்ஸ் கோட்டைக் குன்றான அக்ரோபோலிஸ் வடக்குச் சரிவுல ஒரு கிணத்துல 190 சில்லு எடுத்தாரு, எல்லாத்துலயும் தெமிஸ்டோக்ளீஸ் பேரு, ஆனா கையெழுத்து வெறும் பதினாலு பேரோடது. உக்காந்து மொத்தமா எழுதி வெச்சிருக்காங்க, வர்றவங்க கையில குடுக்க. எழுதத் தெரியாதவங்களுக்கு உதவின்னும் சொல்லலாம், கட்சி வேலைன்னும் சொல்லலாம், பூத் வாசல்ல நின்னு பழகின நமக்கு ரெண்டாவதுதான் சட்டுனு தோணும்.

ஸ்டெப் 10: இங்கிலீஷுக்கு எந்த வழியா வந்துச்சு

இது சுருக்கம்தான். ரோமானியர்கள் சொந்த வார்த்தையில சொன்னாங்க, நேபோஸ்ங்கிற ரோமானிய எழுத்தாளர் சில்லு ஓட்டுன்னு டெஸ்டாவை வெச்சு எழுதிட்டு, கிரேக்கர்கள் இதை ஆஸ்ட்ரகிஸ்மாஸ்னு சொல்வாங்கன்னு சேத்தாரு. அப்புறம் ஐரோப்பாவுல 16ஆம் நூற்றாண்டுல பழைய கிரேக்க நூல்களைத் திரும்ப எடுத்துப் படிக்க ஆரம்பிச்சப்ப, ஜாக் அமியோ 1559ல புளூட்டார்க்கை பிரெஞ்சுக்குக் கொண்டு வந்தாரு, அந்த பிரெஞ்சுல இருந்து தாமஸ் நார்த் 1579ல இங்கிலீஷ்ல போட்டாரு. அந்தக் காலகட்டத்துலதான் ஆஸ்ட்ரசிசம் இங்கிலீஷ்ல நுழையுது, ஏதென்ஸ் வழக்கத்தோட பேரா மட்டும். வினைச்சொல் அடுத்த நூற்றாண்டுல வந்து, சீக்கிரமே ஏதென்ஸை விட்டு வெளிய வந்துடுச்சு, யார் யாரை ஒதுக்கினாலும் ஆஸ்ட்ரசைஸ். சில்லு போச்சு, ஓட்டு போச்சு, பத்து வருஷக் கெடுவும் போச்சு, ஒதுக்குறது மட்டும் நின்னுச்சு.

ஸ்டெப் 11: பக்கத்து வார்த்தைகளோட எல்லையைக் குறிங்க, அப்பதான் சரியா பயன்படுத்த முடியும்

எக்ஸைல்னா ஊரை விட்டு, நாட்டை விட்டுப் போறது, இடம் மாறணும். இன்னைக்கு ஆஸ்ட்ரசைஸ் ஆகுற ஆளு அதே ஆபீஸ்ல அதே சீட்லதான் உக்காந்திருப்பாரு, யாரும் பேச மாட்டாங்க. பாய்காட் 1880ல அயர்லாந்துல சார்லஸ் பாய்காட்ங்கிற பண்ணை மேலாளர்கிட்ட ஊரே வேலை செய்ய, சாமான் விக்க மறுத்தப்ப அவரு பேர்லயே வந்த வார்த்தை, அதுல ஒரு கோரிக்கை இருக்கும், நிறைவேறினா நிறுத்திடுவாங்க. மதத்துல இருந்து தள்ளி வைக்கிறதுக்கு எக்ஸ்கம்யூனிகேட்.

தமிழ்ல ஊர்விலக்கு, தள்ளி வைக்கிறது, கிராமத்துல சொன்னா அன்னந்தண்ணி புழங்கக் கூடாது, கொடுக்கல் வாங்கல் கூடாது. இன்னைய இங்கிலீஷ் அர்த்தத்துக்கு இது நல்லா பொருந்தும். ஏதென்ஸ் வழக்கத்தைப் பத்தி எழுதும்போது மட்டும் ஊர்விலக்குன்னு போட்டுடாதீங்க, மேல சொன்ன வித்தியாசம் எல்லாம் அடிபட்டுப் போகும். ஓட்டெழுத்து வழி வெளியேத்தம்னு நீட்டி எழுதினாலும் பரவாயில்ல.

சைக்காலஜிலயும் இது இப்ப டெக்னிக்கல் வார்த்தை. கிப்ளிங் வில்லியம்ஸ்ங்கிற சைக்காலஜி ஆராய்ச்சியாளர் சைபர்பால்னு ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டை வெச்சு ஆராய்ச்சி பண்ணினாரு, மூணு பேரு பந்து போட்டுக்கிற மாதிரி இருக்கும், கொஞ்ச நேரத்துல உங்களுக்கு மட்டும் பந்து வராது. நவோமி ஐசன்பெர்கரும் அவரும் இன்னொருத்தரும் சேந்து 2003ல சயின்ஸ் இதழ்ல போட்ட ஆய்வுல, அப்படி ஒதுக்கப்பட்டவங்களோட மூளையை ஸ்கேன் பண்ணினா உடம்பு வலிக்கும்போது வேதனையோட சேந்து வேலை செய்யுற பகுதி இதுலயும் தூண்டப்படுதுன்னு சொன்னாங்க. முகம் தெரியாத ஆளுங்க பந்து போடலைங்கிறதுக்கே இது.

ஸ்டெப் 12: இதே வழியில நீங்களா செஞ்சு பாருங்க

மூணு வார்த்தை தர்றேன், கஷ்டம் ஏறுற வரிசையில. சிம்போசியம்: இன்னைக்குக் கருத்தரங்கு, வாலை வெட்டி ரெண்டா பிரிச்சா "கூட" ஒண்ணு, "குடிக்கிறது" ஒண்ணு, அந்தக் கால நடைமுறையை ஓட்டிப் பாக்கும்போது சிரிப்பு வரும். இடியட்: கிரேக்கத்துல இடியோட்டீஸ்னா பொது வேலைக்கு வராம தன் சோலியைப் பாக்குற தனி ஆளு, எந்தத் தொழிலும் கத்துக்காத ஆளு, திட்டு எப்ப ஏறுச்சுன்னு ஸ்டெப் 10ல தேடணும். சிகோஃபண்ட்: இன்னைக்கு ஜால்ரா, வேர்ல அத்திப்பழமும் காட்டுறதும் இருக்கு, ஏதென்ஸ்ல அது காசுக்காக மத்தவங்க மேல கேஸ் போட்டுத் திரிஞ்சவனுக்குப் பேரு. அத்திப்பழம் ஏன் வந்துச்சுன்னு பழைய கிரேக்கர்களே ஆளுக்கொரு கதை சொல்லியிருக்காங்க. இதுல ஸ்டெப் 6ல மாட்டிக்கிட்டா பயப்படாதீங்க, ஸ்டெப் 7க்குப் போங்க.